கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலைக் கோளாறு: சென்சாரை மாற்றுவதா, சுற்றைச் சோதிப்பதா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் வெப்பநிலை சென்சாரின் சுற்றில் கோளாறு என்று ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவி) காட்டிய உடனே வண்டியின் சொந்தக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் ஒரே குழப்பம்தான் வருகிறது. சென்சார் சின்னப் பொருள்தானே, மாற்றிப் பார்த்துவிடலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. மாற்றியும் அதே கோட் (ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்) திரும்பி வந்தால் என்ன செய்வது என்று இன்னொரு மனம் தடுக்கிறது. சோதித்துத்தான் பார்ப்போம் என்று முடிவெடுத்தாலும், ஸ்கேனர் போதுமா, மல்டிமீட்டர் வேண்டுமா, மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வரை போக வேண்டுமா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. இந்த இடத்தில் தயங்கி நிற்பவர்களுக்காக ஐந்து வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

## முதலில் சுற்றைப் புரிந்துகொள்வோம்

பெரும்பாலான வண்டிகளில் இந்த சென்சார், வெப்பம் ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். கியர்பாக்ஸை ஆளும் கணினியான கட்டுப்பாட்டு மாட்யூலுக்குள் இருக்கும் 5 வோல்ட், ஒரு நிலையான ரெசிஸ்டரைக் கடந்து சிக்னல் வயரில் இறங்கி, சென்சார் வழியாகச் சென்று, சென்சார் எர்த் வயரில் மாட்யூலுக்கே திரும்புகிறது. மாட்யூல் நேரடியாக அளப்பது சிக்னல் வயரில் நிற்கும் மின்னழுத்தத்தை மட்டும்தான். டிகிரிக் கணக்கு அதிலிருந்து அது செய்துகொள்ளும் மொழிபெயர்ப்பு. ஆயில் குளிர்ந்திருந்தால் மின்னழுத்தம் உயர்ந்திருக்கும், சூடேறினால் தாழும். வயர் எங்காவது அறுந்துவிட்டால் சிக்னல் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும், அதை மாட்யூல் −40 டிகிரி என்று படிக்கும். சிக்னல் வயர் எர்த்தைத் தொட்டுவிட்டால் மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்கும், அப்போது ஸ்கேனரில் 150 டிகிரியோ அதற்கும் மேலோ தெரியும்.

இதனால்தான் இந்தக் கோட் எண்களின் பெயர்கள் பலரை ஏமாற்றுகின்றன. பி0713 என்பது 'சுற்று உயர்வு', அதாவது மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறது, அளவு குளிர்ப் பக்கம் ஓடிவிட்டது, தேட வேண்டியது அறுந்த வயரை. பி0712 என்பது 'சுற்று தாழ்வு', அங்கே தேட வேண்டியது ஷார்ட்டை. 'உயர்வு' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஆயில் கொதிக்கிறது என்று ஆயில் கூலரைக் கழற்றியவர்களும் உண்டு. பி0711 வந்தால் சுற்று அறவும் இல்லை, ஷார்ட்டும் இல்லை, ஆனால் அளவு நம்பும்படியாக இல்லை என்று பொருள். பி0714 விட்டுவிட்டு வரும் கோளாறு. பி0710 பொதுவான புகார், அதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

இந்த ஒற்றை அளவை நம்பித்தான் மாட்யூல் டார்க் கன்வெர்டரின் லாக்கப்பையும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வழுக்கலின்றி நேரடியாகப் பூட்டுவது), ஆயில் அழுத்தத்தையும், கியர் மாறும் நேரத்தையும் தீர்மானிக்கிறது. −40 என்று படித்தால் பல வண்டிகளில் லாக்கப் விழவே விழாது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், ஆயிலும் தேவையில்லாமல் சூடேறும். சில மாட்யூல்கள் இந்த அளவை ஒதுக்கிவிட்டு எஞ்சின் கூலன்ட் வெப்பநிலையை இரவல் வாங்கி ஓட்டும். அப்போது ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாமலே நாட்கள் போகும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

கருவியின் விலையை அளவுகோலாக வைத்துத்தான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் பணத்தையும் நேரத்தையும் தின்பது சென்சாரின் விலையோ கருவியின் விலையோ இல்லை, அந்த இடத்தைச் சென்றடையும் உழைப்புதான். பல கியர்பாக்ஸ்களில் சென்சார் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பேனுக்கு (ஆயில் தொட்டிக்கு) உள்ளே, ஆயிலைத் தேவையான பாதைக்குத் திருப்பும் வால்வு பாடியோடு ஒட்டிய உள்வயரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் எடைபோடுகிறேன். கோளாறு கனெக்டருக்கு எந்தப் பக்கம், அதாவது கியர்பாக்ஸ் பக்கமா, வயரிங்கும் மாட்யூலும் இருக்கும் பக்கமா என்று அது சொல்கிறதா? வண்டி குளிர்ந்து நிற்கும்போது மறைந்துகொள்ளும் கோளாறு அதில் சிக்குமா? எதைத் திறக்க வைக்கிறது? அந்தச் சோதனையே புதிதாக ஒரு கோளாறை உண்டாக்கிவிடுமா?

## வழி 1: நேரடியாக சென்சாரை மாற்றுவது

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்க நான் தயாராக இல்லை. சென்சார் வெளியிலேயே மரை போட்டு மாட்டியிருந்து, ஒரு ஸ்பேனரால் கழற்றிவிடலாம் என்றால், அல்லது ஆயிலும் ஃபில்டரும் மாற்றும் காலம் வந்து பேன் எப்படியும் இறங்கப்போகிறது என்றால், மாற்றிவிடுவது நியாயமான கணக்குதான்.

உள்ளே இருக்கும் சென்சாருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பேனை இறக்க வேண்டும், கேஸ்கெட் மாற்ற வேண்டும், அந்த கியர்பாக்ஸுக்கு உரிய ஆயிலையே ஊற்ற வேண்டும். பிறகு அளவு சரிபார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ்களில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்தபோதுதான் லெவல் பிளக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் துளையின் அடைப்பை) திறந்து பார்க்க வேண்டும். பல வகைகளில் அது 35 முதல் 45 டிகிரி வரையிலான குறுகிய இடைவெளி. அந்த வெப்பநிலையை ஸ்கேனர் எங்கிருந்து எடுக்கிறது? நாம் சந்தேகப்படும் அதே சுற்றிலிருந்துதான். கோளாறு உண்மையில் வயரிங்கில் இருந்து, புது சென்சாரும் 15 டிகிரி குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தால், ஆயில் மட்டமும் தவறாக அமைந்துவிடும். வெப்பநிலைக் கோட் ஒன்றோடு வந்த வண்டி, கியர் வழுக்கும் புகாரோடு மறுபடி வரும்.

இன்னொரு மறைமுகச் செலவு, பொய்யான வெற்றி. சென்சாரை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த உரசலிலேயே பின்னில் படிந்த பாசி கொஞ்சம் துடைபட்டு, கோட் சில வாரங்களுக்கு வராமல் இருக்கும். சென்சாருக்குப் பாராட்டு கிடைத்துவிடும். திரும்பி வரும்போது, 'சென்சார் புதுசு, அதில் இருக்காது' என்று எல்லோரும் வேறெங்கோ தேடத் தொடங்குவார்கள்.

சில கியர்பாக்ஸ்களில் சென்சாரைத் தனியாக மாற்றும் பேச்சுக்கே இடமில்லை. இசட்எஃப் நிறுவனத்தின் 6எச்பி வகையில் சென்சார், மாட்யூல், வால்வு பாடி எல்லாம் மெக்கட்ரானிக் என்ற ஒரே தொகுதியாக ஆயிலுக்குள் இருக்கின்றன. 'மாற்றிப் பார்ப்போம்' என்ற சொல்லுக்கு அங்கே மிகப் பெரிய தொகை பொருளாகிவிடும்.

## வழி 2: ஸ்கேனரில் ஓடும் அளவுகளும் கழற்றிப் பார்க்கும் சோதனையும்

எதையும் திறக்காமல் அதிகம் சொல்லும் வழி இதுவே. ஸ்கேனரில் கோட் எண்ணை அழிப்பதற்கு முன், கோட் விழுந்த நொடியில் பதிவான அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அவையும் சேர்ந்தே போய்விடும். பிறகு வண்டியை ஓர் இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், உள்ளிழுக்கும் காற்று ஆகிய மூன்று வெப்பநிலைகளையும் ஒப்பிடுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அடுத்து வண்டியை ஓட்டிச் சூடேற்றும்போது அளவு சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். பல லிட்டர் ஆயில் ஒரு நொடியில் 50 டிகிரி ஏறவோ இறங்கவோ இயற்கையில் வழியில்லை. அப்படி ஒரு தாவலைப் பார்த்தால் அது மின்கோளாறு என்று அந்த இடத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

இதற்குப் பின் வருவதுதான் சுற்றை இரண்டாக வெட்டும் சோதனை. கியர்பாக்ஸ் கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனர் −40 காட்ட வேண்டும். வயரிங் பக்கத்தில் சிக்னல் பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் ஒரு ஃபியூஸ் போட்ட வயரால் இணைத்தால் அளவு உச்சிக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் மாட்யூலும் வயரிங்கும் அறாமல், ஷார்ட் ஆகாமல் இருக்கின்றன. சந்தேகம் கியர்பாக்ஸுக்குள் நகர்கிறது. கழற்றிய பிறகும் 150 டிகிரியே நின்றால் ஷார்ட் வயரிங்கிலோ மாட்யூலிலோ இருக்கிறது, சென்சாரின்மேல் பழியில்லை. இத்தனைக்கும் சில நிமிடங்கள் போதும்.

இதில் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கியர்பாக்ஸ் கனெக்டரில் பதினைந்து, இருபது பின்கள் அடுத்தடுத்து இருக்கும், அவற்றில் சோலனாய்டுகளுக்கு (மின்சாரத்தால் இயங்கும் ஆயில் வால்வுகளுக்கு) போகும் 12 வோல்ட்டும் இருக்கும். பின் எண்ணை வயரிங் படத்தில் பார்க்காமல் ஊகித்து இணைத்தால், நல்ல மாட்யூலை நாமே கொன்றவர்களாவோம்.

மறைமுகச் செலவு ஸ்கேனரின் தரத்தில் இருக்கிறது. பொதுவான கோட் ரீடர்கள் எஞ்சின் அளவுகளைக் காட்டும், கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலையைப் பெரும்பாலும் காட்டாது. அந்தத் தயாரிப்பாளரின் தரவைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். காட்டும் அளவு உண்மையில் சென்சாருடையதுதானா என்பதும் ஒரு கேள்வி. மெர்சிடிஸின் 722.6 கியர்பாக்ஸில் ஆயில் வெப்பநிலை சென்சார், ஸ்டார்ட்டரைத் தடுக்கும் ரீட் காண்டாக்டோடு (காந்தத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) தொடராக இணைக்கப்பட்டுள்ளது. பார்க்கிலும் நியூட்ரலிலும் அந்தக் காண்டாக்ட் திறந்திருப்பதால், மாட்யூல் அப்போது கூலன்ட் வெப்பநிலையை எடுத்துக்கொள்ளும். வண்டியைப் பார்க்கில் நிறுத்திவைத்து சென்சாரைச் சோதிப்பவர் அங்கே வேறொரு சென்சாரைத்தான் சோதித்துக்கொண்டிருப்பார். அதே கியர்பாக்ஸில் அந்த சென்சார், வெப்பம் ஏற ஏற மின்தடை கூடும் வகை என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சொன்ன உயர்வு, தாழ்வுக் கணக்கு அங்கே பொருந்தாது.

## வழி 3: மல்டிமீட்டரில் மின்தடை அளப்பது

கனெக்டரைக் கழற்றி, கியர்பாக்ஸ் பக்கத்துப் பின்களில் ஓம் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுவதே பரவலான வழக்கம். சென்சாரை மட்டும் தனித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் இது பெரும்பாலும் குளிர்ந்த வண்டியில், ஒரே ஒரு முறை செய்யப்படுகிறது. அங்கேதான் சிக்கல்.

எண்களோடு பார்ப்போம். பரவலாகப் பயன்படும் தெர்மிஸ்டர் வகை ஒன்றில் 20 டிகிரியில் சுமார் 3,520 ஓம், 100 டிகிரியில் சுமார் 177 ஓம். இப்போது ஒரு பின்னில் துரு ஏறி, சுற்றில் 100 ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குளிரில் 3,520 என்பது 3,620 ஆகும். ஒரு டிகிரிகூடப் பிசகாது, யார் அளந்தாலும் 'நல்ல சென்சார்' என்றுதான் சொல்வார்கள். சூட்டிலோ 177 என்பது 277 ஆகிவிடும், அந்த அட்டவணைப்படி அது ஏறக்குறைய 85 டிகிரி. உண்மையில் 100 டிகிரியில் இருக்கும் ஆயிலை மாட்யூல் 15 டிகிரி குறைத்து நம்பிக்கொண்டிருக்கும்.

கசிவுக்கு இது தலைகீழாக நடக்கும். கனெக்டருக்குள் ஈரம் புகுந்து, சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே 10,000 ஓம் அளவுக்கு ஒரு குறுக்குப் பாதை உண்டானால், 100 டிகிரியில் அது கண்ணுக்கே தெரியாது. 20 டிகிரியிலோ மாட்யூல் பார்க்கும் மின்தடை 2,600 ஓமுக்கு இறங்கி, அளவு 27 டிகிரிக்கு அருகே போய்விடும். ஆக, சூட்டில் மட்டும் குறைத்துக் காட்டினால் துருப்பிடித்த இணைப்பையும், குளிரில் மட்டும் கூட்டிக் காட்டினால் கசிவையும் தேடலாம். குளிர், சூடு ஆகிய இரண்டு நிலைகளிலும் அளக்காதவருக்கு இந்த வேறுபாடு கிடைக்காது.

அட்டவணையும் அந்த வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். 20 டிகிரியில் 37,000 ஓம், 100 டிகிரியில் 2,000 ஓமை ஒட்டி இருக்கும் இன்னொரு குடும்பமும் உண்டு. அதில் இதே 100 ஓம் துரு, அளவை ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் நகர்த்தாது.

மல்டிமீட்டரின் மறைமுகச் செலவு அதன் முனையில் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு வண்டியில் மேடு பள்ளத்தில் ஓடும்போது மட்டும் பி0713 விழும். அதற்கு முன்பே இரண்டு சென்சார்கள் மாற்றப்பட்டிருந்தன. குளிரிலும் சூட்டிலும் ஓம் அளவுகள் பிசிறில்லாமல் இருந்தன. கடைசியில், அந்த அளவுக்குப் பொருந்தும் தனிப் பின் ஒன்றை எடுத்து, வயரிங் பக்கத்துக் கனெக்டரின் ஒவ்வொரு குழியிலும் செருகி இழுத்துப் பார்த்தேன். மற்றவை எல்லாம் லேசாகப் பிடித்து விட்டன. சிக்னல் குழி மட்டும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் முறை சோதித்தவர் தடித்த மீட்டர் முனையை அந்தக் குழிக்குள் அழுத்தி அதை அகட்டியிருக்க வேண்டும். முதலில் இருந்த கோளாறு எதுவோ தெரியாது. பிறகு இருந்தது சோதனை உண்டாக்கிய கோளாறு. அன்றிலிருந்து குழிக்குள் மீட்டர் முனையை விடுவதில்லை. பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையோ, பொருந்தும் பின் வைத்த வயரோதான்.

கனெக்டரைக் கழற்றும்போதே உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 722.6 வகையில் கனெக்டர் நுழையும் பிளாஸ்டிக் உறையின் ஓ-ரிங் தளர்ந்தால், ஆயில் வயர் இழைகளின் இடுக்கு வழியாகவே ஏறி, தூரத்தில் இருக்கும் மாட்யூல் கனெக்டர்வரை போய்ச் சேரும். ஓம் அளவு இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

## வழி 4: சென்சாரின் இடத்தில் ரெசிஸ்டர் வைப்பது

மிகவும் மலிவானதும், ஏனோ மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் மதிப்புத் தெரிந்த ஒரு ரெசிஸ்டரை வைத்து, ஸ்கேனர் என்ன டிகிரி காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன முதல் வகை சென்சாருக்கு 3,300 ஓம் வைத்தால் 21 டிகிரியை ஒட்டியும், 180 ஓம் வைத்தால் 100 டிகிரியை ஒட்டியும் காட்ட வேண்டும். முன்னது சரியாக வந்து, பின்னது 85 என்று வந்தால், வயரிங்கில் ஏறக்குறைய 100 ஓம் ஒளிந்திருக்கிறது என்று கணக்கே சொல்லிவிடும். ஆயிலைச் சூடாக்காமலே சூட்டில் வரும் கோளாறைப் பிடிப்பதுதான் இதன் சிறப்பு. கழற்றிப் பார்க்கும் சோதனை 'அறுந்ததா, தொட்டதா' என்பதோடு நின்றுவிடும்.

குறைகள் இரண்டு. சென்சாரைப் பற்றி இது நேரடியாக எதுவும் சொல்லாது, வயரிங்கையும் மாட்யூலையும் மட்டுமே சோதிக்கும். கியர்பாக்ஸ் பின்னுக்கும் வயரிங் குழிக்கும் இடையிலான தொடர்பையும் இது தாண்டிப் போய்விடும். கோளாறு அந்தச் சந்திப்பிலேயே இருந்தால் இரண்டு பக்கமும் நல்லதென்று வரும். அப்போது கனெக்டரை மாட்டியபடியே பின்பக்கமாக மின்னழுத்தம் பார்க்க வேண்டும்.

## வழி 5: ஆசிலோஸ்கோப்

விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மட்டும் இது. கண்ணிமைக்கும் நேரத்தில் அறுந்து மீண்டும் சேரும் இணைப்பை ஸ்கேனர் தவறவிடலாம், அதுவும் நிறைய அளவுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அதன் வேகம் இன்னும் குறையும். சிக்னல் வயரில் ஸ்கோப்பை மாட்டி, திரையை மெதுவான நேர அளவில் ஓடவிட்டு, வயரிங்கை அடி அடியாக ஆட்டிப் பார்த்தால், 5 வோல்ட்டை நோக்கிப் பாயும் ஊசிகள் எந்த இடத்தில் ஆட்டும்போது எழுகின்றன என்று தெரிந்துவிடும். ஸ்கோப் இல்லாதவர்கள் அதிகபட்சம், குறைந்தபட்சம் பதிவுசெய்யும் மல்டிமீட்டரில் ஓரளவுக்கு இதையே செய்யலாம். நிலையாக நிற்கும் கோளாறுக்கு ஸ்கோப்பை எடுப்பது நேர விரயம்.

## ஒரு பார்வையில்

| வழி | எந்தப் பக்கம் என்று சொல்லுமா | சூட்டில் மட்டும் வரும் கோளாறு | மறைமுகச் செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|
| நேரடியாக மாற்றுவது | இல்லை | தற்செயலாகத்தான் | பேன், ஆயில், மட்டம் பார்த்தல், பொய்யான வெற்றி | சென்சார் வெளியில் இருந்தால், பேன் எப்படியும் இறங்கினால் |
| ஸ்கேனரும் கழற்றிப் பார்த்தலும் | ஆம், அறுந்ததற்கும் ஷார்ட்டுக்கும் | ஓட்டிச் சூடேற்றினால் தெரியும் | தயாரிப்பாளர் தரவு படிக்கும் ஸ்கேனர், தவறான பின் அபாயம் | பி0712, பி0713 நிலையாக நின்றால் |
| மல்டிமீட்டர் | கியர்பாக்ஸ் பக்கத்தை மட்டும் | இரண்டு நிலையிலும் அளந்தால் | அகன்றுபோகும் குழிகள், தவறான அட்டவணை | பி0711, சென்சார்மேல் சந்தேகம் |
| ரெசிஸ்டர் வைப்பது | வயரிங், மாட்யூல் பக்கத்தை மட்டும் | ஆம், குளிரிலேயே | சந்திப்பைத் தாண்டிவிடும் | பி0711, வயரிங்மேல் சந்தேகம் |
| ஆசிலோஸ்கோப் | ஆட்டிப் பார்த்தால் இடத்தையே காட்டும் | அறுந்து சேர்வதை மட்டும் | கருவி, பழக்கம், நேரம் | பி0714 |

## என் தேர்வு

கோட் நிலையாக நிற்கும் பி0712, பி0713 வண்டிகளில் நான் இரண்டாம் வழியைத் தாண்டிப் போவது அரிது. அதிலேயே பக்கம் தெரிந்துவிடும். பி0711 வந்தால் ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரையும் சேர்த்தே எடுப்பேன், ஏனென்றால் ஒன்று பார்க்காத பாதியை மற்றொன்று பார்க்கிறது. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே நின்று எஞ்சினும் சூடேறாமல் இருக்கும் வண்டியில் ஆயிலும் தாமதமாகத்தான் சூடேறும் என்பதையும், சென்சார்மேல் சந்தேகப்படும் முன் பார்த்துவிடுவேன். மெக்கட்ரானிக் தொகுதியையே மாற்ற வேண்டிய கியர்பாக்ஸ் என்றால், சென்சாரைத் தனியே பிரித்து அளக்க வெளியே பின்கள் இராது. அங்கே வெளிப்புறக் கனெக்டரையும் மாட்யூலுக்கு வரும் மின்சாரத்தையும் எர்த்தையும் சரிபார்த்த பிறகு, காலை நேர ஒப்பீடும் சூடேறும் வேகமும் மட்டுமே நம் கையில் இருக்கும் சாட்சிகள். அந்த அளவு செலவுக்கு முன் அவற்றை இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

எந்த வழியில் போனாலும், பேனை இறக்கிய வேலையாக இருந்தால், ஆயில் மட்டம் பார்க்கும்போது ஸ்கேனரோடு ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான அலுமினியம் பேனில் நேரடியாகக் காட்டினால் அளவு மிகக் குறைவாக வரும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் குறிவைத்துப் படியுங்கள். பேனின் வெளிப்புறம் உள்ளிருக்கும் ஆயிலைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும், அதில் கவலையில்லை. இரண்டு அளவுகளுக்கும் நடுவே 15, 20 டிகிரி இடைவெளி தெரிந்தால், லெவல் பிளக்கைத் தொடாமல் கனெக்டருக்குத் திரும்பிவிடுங்கள்.